மாமனாரைப் பார்க்க வந்த பாடகி

மழை பிடித்துக்கொண்ட அந்த வாரம் பட்டறையில் பசை வேலை எதுவும் ஓடவில்லை. ஈரக் காற்றில் பசை காய்வதற்குள் ரெக்சின் சுருண்டுகொள்ளும். துணி உரித்த இரண்டு பழைய சோபாக்கள், ஸ்பிரிங்கும் சணல் பட்டையும் வெளியே தெரிய, வாசலுக்கு உள்ளே மழையைப் பார்த்தபடி நின்றன. வேலை நின்றதால் வீட்டில் பேச்சு அதிகமாகிவிட்டது. இல்லாவிட்டால் அந்தப் பாடகியின் பேச்சே எழுந்திருக்காது என்று ஊசி பிற்பாடு நினைத்துக்கொண்டாள்.

ஊசி அந்த வீட்டு மருமகள். சோபாவுக்கு உறை வெட்டித் தைப்பது அவள் பாடு. சட்டம் அடிப்பதும் ஸ்பிரிங் கட்டுவதும் அவள் கணவன் பாடு. கல்யாணமாகி வந்த புதிதில் கொழுந்தன் வைத்த பெயர் அது. அண்ணிக்குக் கையிலும் ஊசி, வாயிலும் ஊசி என்றான். அவளும் சும்மா விடவில்லை, அவனுக்கு ரீல் என்று பெயர் வைத்தாள். இரண்டு பெயரும் ஒட்டிக்கொண்டன. ஆனால் தெரு முழுக்கப் பரவியது அவன் பெயர்தான். அவன் வாடகைக் கார் ஓட்டுகிறவன். காரில் ஏறுகிறவர்கள் யாராக இருந்தாலும் அவன் வாயிலிருந்து இறங்கும்போது அமைச்சராகவோ நடிகராகவோதான் இறங்குவார்கள். உலகப் பட்டம் வென்ற மல்யுத்த வீரர் ஒருவர் தன் பின்சீட்டில் குறட்டை விட்டுத் தூங்கினார் என்று சொல்லி, ஒருநாள் அண்ணனை அவர் தங்கிய ஓட்டல் வாசல்வரை இழுத்துக்கொண்டு போனான். வெளியே வந்தவர் மெத்தை வியாபாரி. பட்டறைக்கே பஞ்சு விற்றிருக்கிறார்.

அன்று மதியம் எல்லோரும் மாமனாரின் கட்டிலைச் சுற்றி உட்கார்ந்து ரொட்டியும் முட்டையும் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். பட்டறைக்கு அடுத்த அறைதான் அவருடையது. கதவைத் திறந்து போட்டால் சுத்தியல் சத்தம் கேட்கும். குளியலறையில் வழுக்கி விழுந்து, இடுப்பில் ஆபரேஷன் ஆகி, எலும்பு கூடிவிட்டது என்று டாக்டர் சொன்ன பிறகும் அவர் கட்டிலைவிட்டு இறங்கவில்லை. கண்ணிலும் புரை விழுந்திருந்தது. ஆள் அசைவது தெரியும், முகம் தெரியாது. தலைமாட்டில் ரேடியோ. அதில் யாரோ ஒருவர், உயிரோடு இருக்கிற அல்லது இறந்துபோன பிரபலங்களில் யாரைச் சந்திக்க ஆசை என்று நேயர்களைக் கேட்டுக்கொண்டிருந்தார். நாமும் சொல்லலாமே என்று ஊசியின் கணவன் ஆரம்பித்து வைத்தான். அவனுக்குச் செத்துப்போன ராஜாக்களில் யாராவது ஒருவரைப் பார்க்க வேண்டுமாம். சிம்மாசனத்துக்கு உள்ளே என்ன அடைத்தார்கள் என்று கேட்க வேண்டுமாம். ஊசி தனக்கு யாரையும் பார்க்க வேண்டாம் என்றாள். பெரிய மனிதர்கள் வீட்டு சோபாக்களை உரித்துப் பார்த்தவள் அவள். அவர்களைக் கிட்டத்தில் பார்க்கும் ஆசை எப்போதோ போயிருந்தது.

மாமனார் யோசிக்கவே இல்லை. அந்தப் பாடகியின் பெயரைச் சொன்னார்.

அவர் வேறு யாரைச் சொல்வார் என்று யாரும் எதிர்பார்க்கவும் இல்லை. பட்டறை தொடங்கிய நாளிலிருந்து அவருக்கு அந்தக் குரல்தான் கூட்டாளி. ஆணிகளை வாய் நிறைய வைத்துக்கொண்டு ஒவ்வொன்றாக நாக்கால் தள்ளி எடுத்து அடிக்கிறவர் அவர். வாயில் ஆணி இருக்கும்போது பேச முடியாது, அதனால் கேட்கக் கற்றுக்கொண்டேன் என்பார். யாராவது அவளுடைய பாட்டை இன்னொருத்தியின் பாட்டோடு மாற்றிச் சொல்லிவிட்டால் ஆணியைத் துப்பிவிட்டுச் சண்டைக்குப் போவார். அவள் பாடுவதை நிறுத்தி வெகுகாலம் ஆகியிருந்தது. வெளிநாடு போய்விட்டாள் என்றார்கள் சிலர். செத்துவிட்டாள் என்றார்கள் சிலர்.

"அவங்களா?" என்றான் ரீல், ரொட்டியைப் பிட்டுக்கொண்டே. "வாராவாரம் என் வண்டியிலதான் ஆஸ்பத்திரிக்குப் போறாங்க."

அவன் அண்ணன் சிரிப்பதற்காக வாயில் இருந்ததை விழுங்கினான். ஆனால் அதற்குள் மாமனார் தலையணையிலிருந்து தலையைத் தூக்கிவிட்டார். நிஜமாகவா என்று கேட்டார். நிஜம்தான் என்றான். வேண்டுமானால் கூட்டிக்கொண்டு வருகிறேன் என்றான். பெரியவர் அதற்கு மேல் ஒன்றும் கேட்கவில்லை. சாப்பாடு முடிந்ததும் இடுப்புக்குப் பின்னால் இன்னொரு தலையணை வைக்கச் சொன்னார். மூன்று மாதத்தில் அவராகக் கேட்டு உட்கார்ந்தது அதுதான் முதல் தடவை.

ஊசிக்கு இது சரியாகப் படவில்லை. ரீல் விடுகிற ரீலெல்லாம் இதுவரை யாருக்கும் கெடுதல் செய்யாதவை. கேட்டவர்கள் சிரித்துவிட்டுப் போய்விடுவார்கள். இது அப்படி இல்லை. இப்போது ஏன், அதுவும் இவரிடம் ஏன் என்று யோசித்தாள். யோசிக்க யோசிக்க ஒரே இடத்தில் வந்து நின்றது: மாடி. பட்டறைக்கு மேலே பாதி கட்டி நின்ற மாடியில் துணி வெட்டும் மேஜையைப் போட வேண்டும் என்று அவள் கேட்டுக்கொண்டிருந்தாள். ரீல் அங்கேதான் பாய் விரித்துப் படுத்துக்கொண்டிருந்தான். மாமனார் வாயைத் திறந்து யாருக்கு என்று சொல்லவில்லை. அவருடைய வாழ்நாள் ஆசையை ஒருவன் நிறைவேற்றி வைத்தால் சொல்லிவிடுவார் அல்லவா?

மறுநாள் அவள் பழைய சோபாவின் ஆணிகளைப் பிடுங்கிக்கொண்டிருந்தபோது ரீல் வாசலில் கார் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தான். கூப்பிட்டு விசாரித்தாள். அந்த அம்மா எங்கே இருக்கிறார்? சொல்ல மாட்டான், சொல்லக்கூடாது என்று சத்தியம் வாங்கியிருக்கிறார்கள். ஆஸ்பத்திரிக்கு ஏன்? தொண்டையில் ஆபரேஷன் செய்திருக்கிறது. பேசினால் கரகரவென்று வரும், பாட்டெல்லாம் வராது.

"எவ்வளவு சௌகரியம் பாரு," என்றாள் ஊசி. "குரலே இல்லாத பாடகி. பாக்கறவருக்குக் கண்ணும் தெரியாது."

ரீலின் முகம் சிறுத்துப்போனது. எப்போதும் ஒன்றுக்கு இரண்டாகத் திருப்பிக் கொடுக்கிறவன், அன்று துணியைப் பிழிந்து போட்டுவிட்டு வண்டியை எடுத்துக்கொண்டு போய்விட்டான். குட்டு வெளிப்பட்டதால்தான் போகிறான் என்று ஊசி எடுத்துக்கொண்டாள்.

கணவனிடம் சொல்லிப் பார்த்தாள். அவன் பட்டையை இழுத்து ஆணி அடித்தபடியே, அப்பா உட்கார்ந்துவிட்டார், அதைக் கெடுக்காதே என்றான். உண்மைதான். பெரியவர் முகச்சவரம் செய்துகொண்டார். காலைத் தொங்கப் போட்டு உட்கார்ந்தார். வருகிறவர் முன்னால் படுத்துக் கிடக்க முடியாது என்று, மகன்கள் இருவரும் இரண்டு பக்கமும் பிடிக்க, தன் கையால் செய்த கை வைத்த நாற்காலிவரை நான்கு எட்டு நடந்தார். ஊசிக்குக் கண் நிறைந்தது. கூடவே, இதெல்லாம் பொய் என்று தெரியும் அன்றைக்கு இந்த மனிதர் என்ன ஆவார் என்று ஒரு பயமும் இருந்தது. முதலிலேயே பிடித்துவிட்டால் அடி குறைவாக இருக்கும் என்று தனக்குத்தானே சமாதானம் சொல்லிக்கொண்டாள்.

அந்த அம்மா வந்தது ஒரு மாலை நேரத்தில், தூறலில். ஊசி எதிர்பார்த்தது போல ஜிகினாவும் சென்ட் வாசனையுமாக யாரும் வரவில்லை. ஒல்லியான உடம்பு, கழுத்தைச் சுற்றி ஒரு பருத்தித் துணி, சேறு படிந்த செருப்பு. அதைக் கழற்றி ஓரமாக வைக்கும்போது பட்டறையைச் சுற்றிப் பார்த்தார். உரித்த சோபாவின் கையைத் தொட்டுப் பார்த்தார். வணக்கம் சொன்னபோது, மரத்தில் உப்புத்தாள் தேய்த்த மாதிரி இருந்தது குரல். நல்ல தேர்வுதான் என்று ஊசி நினைத்துக்கொண்டாள். ஆடம்பரமாக ஒருத்தியைப் பிடித்திருந்தால்தான் சந்தேகம் வரும்.

டீ கொடுத்தார்கள். மாமனார் முதலில் பேச்சு வராமல் திணறினார். பிறகு மடை திறந்தது. ஜன்னல் பாட்டின் இரண்டாவது அடியில் ஏன் அப்படி ஒரு நொடி நின்று பாடினீர்கள் என்று கேட்டார். அந்த அம்மாவுக்கு அது நினைவில்லை. படகுப் பாட்டைப் பாடியபோது எந்த வருஷம்? அதுவும் சரியாக நினைவில்லை. அன்றைக்குப் பல்வலி என்பது மட்டும் நினைவிருக்கிறது என்றார். கேள்விக்கு ஒரு வரியில் பதில் சொல்லிவிட்டு அந்த அம்மாதான் திருப்பித் திருப்பிக் கேட்டுக்கொண்டிருந்தார். எந்தச் சுத்தியல் வைத்திருந்தீர்கள், ரேடியோ எங்கே இருந்தது, பாட்டு வரும்போது கை நிற்குமா ஓடுமா. பெரியவர் கொஞ்சம் கொஞ்சமாகப் பேச்சைக் குறைத்தார். முகம் அந்தக் குரல் வந்த பக்கமே திரும்பியிருந்தது, நெற்றி சுருங்கியிருந்தது.

இதுதான் சமயம் என்று ஊசி தட்டோடு முன்னால் வந்தாள்.

"அம்மா, எனக்கு உங்க பாட்டுல எது பிடிக்கும் தெரியுமா? அந்த விளக்குப் பாட்டுதான். அதைக் கேட்டா எனக்கு அழுகையே வந்துடும்."

விளக்குப் பாட்டு இன்னொருத்தி பாடியது. அந்த வீட்டில் சுவரில் ஒட்டியிருக்கிற பல்லிக்குக்கூட அது தெரியும்.

அந்த அம்மா அவளை நிமிர்ந்து பார்த்துச் சிரித்தார். "அப்படியா, ரொம்ப சந்தோஷம்மா," என்றார்.

மாமனார் நாற்காலியின் கையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார்.

"அது அவங்க பாடினதில்ல," என்றார். "நீங்க யாரும்மா?"

ரீல் எழுந்தான். அப்பா என்று ஏதோ சொல்ல வாயெடுத்தான். அந்த அம்மா கையைக் காட்டி அவனை நிறுத்தினார். பெரியவர் பக்கம் திரும்பினார். பிறகு, உங்கள் மகன்மேல் கோபப்படாதீர்கள், வருகிறேன் என்று சொன்னது நான்தான், மன்னித்துக்கொள்ளுங்கள் என்று சொல்லிவிட்டு எழுந்து செருப்பை மாட்டிக்கொண்டார். மாமனார் ரீல் இருந்த பக்கம் திரும்பவே இல்லை. என்னைக் கட்டிலில் விடு என்று பெரிய மகனிடம் மட்டும் சொன்னார்.

தெருவில் தண்ணீர் தேங்கியிருந்ததால் கார் தெருமுனையைத் தாண்டி நின்றது. ரீல் யாரிடமும் பேசாமல் காரை எடுக்க விடுவிடுவென்று முன்னால் நடந்தான். வந்தவளை மழையில் நனையவிட மனம் வராமல், ஊசி குடையை எடுத்துக்கொண்டு பின்னால் போனாள். ஜெயித்தவளுக்கு வரவேண்டிய நிம்மதி எதுவும் வரவில்லை. தெருமுனையில் மூடியிருந்த கடை ஒன்றின் தகரக் கூரைக்கு அடியில் இருவரும் காருக்காக ஒதுங்கி நின்றார்கள்.

"அந்த விளக்குப் பாட்டு நீங்க பாடலைன்னு உங்களுக்குத் தெரியுமா?" என்று ஊசி கேட்டாள்.

"தெரியாம என்ன? அது அந்த இன்னொருத்தி பாடினது. நல்லா பாடியிருப்பா."

"அப்புறம் ஏன் தலையாட்டினீங்க?"

"பழக்கம்மா. கல்யாண வீடு, கடை, ரயில், எங்க போனாலும் யாராவது ஆசையா ஓடி வந்து அந்தப் பாட்டைத்தான் சொல்லுவாங்க. முன்னெல்லாம் இல்லம்மா, அது வேற ஒருத்தங்கன்னு சொல்லிட்டிருந்தேன். சொன்னதும் அவங்க முகம் போற போக்கு இருக்கே, ஏதோ திருடி மாட்டிக்கிட்ட மாதிரி. பாக்க முடியல. அப்புறம் விட்டுட்டேன். சந்தோஷம்னு சொன்னா அவங்களும் சந்தோஷமாப் போயிடறாங்க."

ஊசி குடையை மடக்கப்போனவள் அப்படியே நின்றாள். போன மாதம்தான் ஒரு வாடிக்கைக்காரி பட்டறைக்கு வந்து, எங்கள் அம்மா வீட்டு நீல சோபாவை உங்கள் மாமனார்தான் செய்தாராம், இன்னும் அப்படியே இருக்கிறது என்று உருகினாள். அந்த நீல சோபா கடைத்தெருவில் வேறொருவர் செய்தது. ஊசிக்கு அது தெரியும். ஆனாலும், ஆமாங்க, மாமா கைவேலைதான் என்று சொல்லி அனுப்பினாள். இதை அவளுக்கு யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை. ஊர் அறிந்த வேலை ஒன்றைச் செய்கிற வீட்டில் இருந்தால்தான் இது வரும். வேஷம் கட்டி வருகிறவள் எல்லாப் பாட்டையும் மனப்பாடம் செய்துகொண்டல்லவா வந்திருப்பாள்? படகுப் பாட்டின் வருஷத்தைத் தப்பில்லாமல் சொல்லியிருப்பாளே.

"இதை அங்கேயே சொல்லியிருக்கலாமேம்மா," என்றாள்.

"சொல்லி? இந்தத் தொண்டையை வெச்சுக்கிட்டு நான்தான் அவள்னு சண்டை போடச் சொல்றியா? அவர் காதுல இருக்கறவ நல்லா இருக்கா. இருந்துட்டுப் போகட்டும்."

கார் விளக்கு தெருமுனையில் திரும்பியது. அந்த அம்மா கழுத்துத் துணியை இழுத்துவிட்டுக்கொண்டார்.

"நான் பாடினதெல்லாம் ஒரு அடைச்ச ரூமுக்குள்ளம்மா. எதிர்ல சுவருதான். மேடைக்கு வந்தவங்களைப் பாத்திருக்கேன், நல்லா உடுத்திக்கிட்டு வந்து உக்காந்திருப்பாங்க. வேலை செஞ்சுக்கிட்டே கேட்ட ஒருத்தரைப் பாத்ததே இல்ல. உன் கொழுந்தன் சொன்னதும் பாக்கணும் போல இருந்தது. எனக்கும் ஆசை இருக்காதா?"

ஊசி வீட்டுக்குத் திரும்பியபோது மாமனார் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்திருந்தார். ரேடியோ அணைந்திருந்தது. அவள் வந்த அரவம் கேட்டு, திரும்பாமலே, நல்ல கேள்வி கேட்டாய் என்றார். அவள் பாத்திரங்களை எடுத்துக்கொண்டு போய்த் தேய்த்ததையே தேய்த்துக்கொண்டிருந்தாள்.

இரண்டு நாள் அவர் நாற்காலிக்கு வரவில்லை. கஷ்டப்பட்டு நடந்த அந்த நான்கு எட்டும் நடக்காதது போல ஆகிவிட்டது. ரேடியோவைப் போடட்டுமா என்றால் வேண்டாம் என்றார். மூன்றாம் நாள் அவருக்குக் கால் பிடித்துவிடும்போது ஊசி எல்லாவற்றையும் சொன்னாள். வேண்டுமென்றே கேட்டதை, தொண்டை ஆபரேஷனை, அந்த அம்மா தகரக் கூரைக்கு அடியில் சொன்னதை, நீல சோபாவை. பெரியவர் கடைசிவரை கேட்டார்.

"உன்னையே மடக்கிட்டாளே," என்றார். "பெரிய ஆளுதான்."

"இல்ல மாமா, அவங்கதான்."

"என் காது இன்னும் போகலைம்மா. அந்தக் குரலை எனக்குத் தெரியாதா?"

எதையும் நம்பாதவள் என்று பெயர் வாங்கியவள் ஒன்றை நம்பச் சொன்னால், கேட்கிறவருக்கு அவள்மேலேயே சந்தேகம் வரும் போலிருந்தது.

ரீல் வீட்டில் சாப்பிடுவதை நிறுத்தியிருந்தான். எல்லோரும் தூங்கிய பிறகு மாடிக்கு ஏறுவான், அவர்கள் எழுவதற்குள் போய்விடுவான். ஊசி ஒரு காலையில் கார் ஸ்டாண்டுக்கே போனாள். மற்ற டிரைவர்கள் ஒரு பெஞ்சில் சிரித்துப் பேசிக்கொண்டிருக்க, அவன் மட்டும் தன் காருக்குள் கண்ணாடியை ஏற்றிவிட்டு உட்கார்ந்திருந்தான். அவள் முன்சீட்டில் ஏறிக் கதவைச் சாத்தினாள். அவங்கதான், நான்தான் தப்பாக நினைத்துவிட்டேன் என்றாள்.

ரீல் சந்தோஷப்படுவான் என்று எதிர்பார்த்தாள். அவன் அவளைப் பக்கவாட்டில் பார்த்தான்.

"மாடியை நான் கேக்கல அண்ணி. கேக்கவும் மாட்டேன். அதுக்காகத்தான் வந்தீங்கன்னா வீட்டுக்குப் போங்க."

"அதுக்காக வரல."

"பின்னே?"

அவள் நீல சோபாவைப் பற்றிச் சொன்னாள். அவன் ஸ்டியரிங்கைத் தடவியபடி கேட்டான்.

"இப்ப எனக்கே சந்தேகமா இருக்கு," என்றான். "அவங்க யாருன்னு எனக்கு எப்படித் தெரியும்? ஒருநாள் வண்டியில ரேடியோ பாடுச்சு. இதை நான்தான் பாடினேன்னு பின்னாலிருந்து சொன்னாங்க. நம்பிட்டேன். அவங்க சொன்னதைத் தவிர என்கிட்ட என்ன இருக்கு? ஊருக்கே காது குத்தறவன் நான். எனக்கு ஒருத்தர் குத்தினா தெரிய வேணாமா? அப்பா இல்லைன்னு சொன்னதும் எனக்கும் எல்லாம் கலங்கிடுச்சு."

"பாடினேன்னு சொன்னப்ப எப்படிச் சொன்னாங்க?"

அவன் யோசித்தான். "சத்தத்தைக் கொஞ்சம் குறைக்கச் சொன்னாங்க. ஏம்மான்னு கேட்டேன். அந்த இடத்துல ஒரு தப்பு பண்ணியிருக்கேன், கேக்கப் பிடிக்கலன்னாங்க."

மழை விட்டு வெயில் வந்திருந்தது. ஊசி, மதியம் சாப்பிட வா என்று மட்டும் சொல்லிவிட்டு இறங்கினாள்.

அவன் அன்று வரவில்லை. மறுநாள் வந்தான். பட்டறையிலேயே ஒரு ஸ்டூலில் உட்கார்ந்து தட்டை மடியில் வைத்துக்கொண்டான். அப்பாவின் அறைக்குள் போகவில்லை. கதை எதுவும் சொல்லவில்லை. அவன் அண்ணனுக்கு அதைத் தாங்க முடியவில்லை. இன்றைக்கு யாருடா வண்டியில் ஏறினது என்று அவனாகவே வாயைக் கிளறினான். ஒரு வாத்தியார் ஏறினார், இறங்கினார் என்றான் ரீல். வெயில் தொடர்ந்து அடித்ததால் பசை நன்றாகப் பிடித்தது. இரண்டு சோபாக்களுக்கும் ரெக்சின் ஏறிவிட்டது. ஊசி மூலைகளை இழுத்துப் பிடிக்க, கணவன் வரிசையாக ஆணி இறக்கினான்.

அந்த வேலை நடந்துகொண்டிருந்தபோதுதான் உள்ளேயிருந்து மாமனார் கூப்பிட்டார். ஊசி கையைத் துடைத்துக்கொண்டு போனாள். அவர் சுவர்ப் பக்கத்திலிருந்து இந்தப் பக்கம் திரும்பியிருந்தார்.

"ஏம்மா."

"சொல்லுங்க மாமா."

"அன்னிக்கு அந்தம்மா டீயைக் குடிக்கவே இல்ல. கப்பைத் தூக்கறதும் வைக்கறதுமா இருந்தாங்க. சத்தம் கேட்டுக்கிட்டே இருந்துது."

அவர் போர்வையின் ஓரத்தை விரலால் நீவிக்கொண்டிருந்தார்.

"தொண்டையில கத்தி வெச்ச மனுஷிக்கு அவ்வளவு சூடாவா குடுக்கறது? அடுத்த தடவை ஆற வெச்சுக் குடு."

அவள் சரி என்று சொன்னாளா, தலையை மட்டும் ஆட்டினாளா என்று அவளுக்கே தெரியவில்லை. வெளியே வந்தாள். ரீல் ஸ்டூலில் உட்கார்ந்து தட்டைப் பார்த்துச் சாப்பிட்டுக்கொண்டிருந்தான். அவன் பக்கத்தில் போய், மாமா அந்த அம்மாவை இன்னொரு தடவை கூட்டிக்கொண்டு வரச் சொல்கிறார் என்றாள்.

"அப்பாவா? அப்படியே சொன்னாரா?"

"டீயை ஆற வெச்சுக் குடுக்கச் சொன்னார்."

அவள் ரீல் விடுகிறாளா என்று ரீல் அவள் முகத்தையே கொஞ்ச நேரம் பார்த்தான். பிறகு மிச்சமிருந்த ரொட்டியை வாயில் அடைத்துக்கொண்டு, கையைக்கூடக் கழுவாமல், கார் சாவியை எடுத்தான்.